அனுப்புநர் யார்?

பள்ளியில் கடிதம் எழுதப் பழகியபோது முதல் வேலை, 'அனுப்புநர்' என்று போட்டுப் பெயரும் முகவரியும் எழுதுவது. அங்கே யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்கப்போவதில்லை. மின்னஞ்சலும் அப்படித்தான் பிறந்தது. 1982-இல் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. என்ற மின்னஞ்சல் விதிமுறையில், அனுப்புநர் சொல்வது மெய்யா என்று பார்க்க ஏற்பாடே இல்லை.

அதன் பலனை இன்று ஜவுளிக்கடைக்காரர் அனுபவிக்கிறார். வாடிக்கையாளருக்கு அவர் அனுப்பும் தீபாவளித் தள்ளுபடி மடல், வங்கியின் பெயரில் வரும் மோசடி மடல்களோடு ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறது. உடனே டிசைனரைக் கூப்பிட்டு மடலின் நிறத்தை மாற்றச் சொல்கிறார். பாவம், கோளாறு நிறத்தில் இல்லை.

மடல் கடையிலிருந்துதான் வந்தது என்று காட்ட, கடையின் இணையப் பெயருக்குரிய டி.என்.எஸ். பதிவேட்டில் மூன்று வரிகள் சரியாக இருக்க வேண்டும். எங்கள் மடலை அனுப்ப உரிமையுள்ள சர்வர்கள் இவை என்பது எஸ்.பி.எஃப். அடுத்தது டிகேஐஎம், கிட்டத்தட்ட அரக்கு முத்திரை. அனுப்பும் சர்வர் தன் ரகசியச் சாவியால் மடலில் ஒப்பமிடும். பதிவேட்டில் உள்ள பொதுச் சாவியைக் கொண்டு பெறும் சர்வர் அதைச் சோதிக்கும். ஒப்பமிட்ட பகுதியை வழியில் யாரேனும் திருத்தியிருந்தால் முத்திரை பொருந்தாது. இவ்விரண்டில் ஒன்றாவது, மடலில் நம் கண்ணுக்குத் தெரியும் முகவரியோடு ஒத்துப்போகிறதா, போகாவிட்டால் மடலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க்.

ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் 2024 பிப்ரவரியில் கூகுள் கட்டாயமாக்கியது.

தோற்றத்துக்கும் தனித் தலைவலி உண்டு. விண்டோஸுக்கான பழைய அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்து, மடலை வேர்டு மென்பொருளின் வழியாகவே காட்டிவந்தது. வேறெங்கும் ஒழுங்காக நிற்கும் பக்கம் அங்கே சரிந்துவிடும். அதனால்தான் மடல் வடிவமைப்பவர்கள் இன்னமும் பழங்காலத்து அட்டவணைக் கட்டங்களை விடாமல் பிடித்திருக்கிறார்கள். மடலின் நிரல் ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைத்துவிடும். கடைசியில் இருக்கும் 'இனி அனுப்பாதே' இணைப்பும் அதோடு போய்விடும். அதைக் காணாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்.

உங்களுக்கு வந்த மடலையும் சோதித்துப் பாருங்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மடலின் மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூன்று சோதனைகளின் முடிவும் தெரியும். மூன்றிலும் 'பாஸ்' என்றிருந்தாலும் இணையப் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒரே ஓர் எழுத்தை மாற்றிய பெயரைக் காசு கொடுத்துப் பதிவு செய்தவனுக்கும் அதே 'பாஸ்' கிடைக்கும்.