கடுகில் கலக்கும் பிரமதண்டு விதை
வணிகர்கள் கவனத்திற்குச் சில குறிப்புகள்

மளிகைக் கடையில் மிகச் சிறிய சரக்கு கடுகு. வாங்குவோர் ஐம்பது கிராம், நூறு கிராம் என்றுதான் கேட்பர். அதனாலேயே அரிசி, பருப்பைப் பார்ப்பது போல நாம் கடுகைக் கூர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் இதில் சேரும் ஒரு விதை உயிருக்கே உலை வைக்கக்கூடியது. அதுதான் பிரமதண்டு விதை.

பிரமதண்டு நமக்குப் புதிய செடி அல்ல. இலையெல்லாம் முள், மஞ்சள் பூ, ஒடித்தால் மஞ்சள் பால். பள்ளிப்பட்டுப் பகுதியில் கொசஸ்தலை ஆற்றோரத்திலும் தரிசு நிலங்களிலும் தானே முளைத்துக் கிடக்கும். சித்த வைத்தியர்கள் இதை மருந்துக்குப் பயன்படுத்துவதால், இது நம் நாட்டு மூலிகை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இதன் தாயகம் மெக்சிகோவும் அதைச் சுற்றிய நாடுகளும். வெளியிலிருந்து வந்து, வறண்ட நிலம் எங்கும் பரவிவிட்டது.

நம் நாட்டில் கடுகு விளைச்சலில் முதலிடம் ராஜஸ்தானுக்கு. அங்குள்ள பாலை நிலப் பகுதிகளிலும் இச்செடி வயலிலும் வரப்பிலும் களையாக வளர்கிறது. வடக்கே இதற்குச் 'சத்யநாசி' என்று பெயர். அடியோடு நாசம் செய்வது என்று பொருள். இதன் ஒரு காயில் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கும். நிறத்திலும் அளவிலும் அவை கடுகைப் போலவே இருப்பதால், களத்தில் கவனக்குறைவாலும் கலக்கும். லாப ஆசையால் கலப்போரும் உண்டு.

இந்த விதையின் எண்ணெயில் சாங்குவினரின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. கடுகெண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தாலே நோய் வரும் என்பது மருத்துவர்கள் கண்டது. சாதாரணச் சமையல் சூட்டில் இந்த நச்சு போகாது. கால்கள் வீங்கும், வயிற்றுப்போக்கு வரும், மூச்சுத் திணறும். முற்றினால் இருதயம் பழுதாகும், கண் பார்வையும் கெடும். இது தொற்றுநோய் அல்ல. ஆனால் ஒரே எண்ணெயை உண்பதால் குடும்பம் முழுவதும் படுத்துவிடும். 1877-இலேயே கல்கத்தாவில் இந்நோய் கண்டறியப்பட்டது. 1998-இல் டெல்லியில் 60 பேருக்கு மேல் இறந்தனர். அதன் பிறகே, அந்த ஆண்டு செப்டம்பரில், சமையல் எண்ணெயைப் பொட்டலமிட்டு விற்பதற்கான மத்திய அரசின் ஆணை வந்தது.

'நம் பக்கம் கடுகெண்ணெய் யார் உண்கிறார்கள்? தாளிக்க ஒரு சிட்டிகைதானே?' என்று கேட்கலாம். தாளிப்பு மட்டும் என்றால் ஆபத்து குறைவுதான். ஆனால் நமது ஊர் ஆந்திர எல்லையில் இருக்கிறது. மாங்காய்க் காலத்தில் ஆவக்காய் போடக் கடுகைக் கிலோக் கணக்கில் வாங்கி அரைக்கிறார்கள். பொடியாகிவிட்டால் எது கடுகு, எது பிரமதண்டு என்று கண்ணால் காண இயலாது. புதுக் கடுகு சந்தைக்கு வருவதும் அதை ஒட்டிய பருவத்தில்தான். ஆகவே அரைப்பதற்கு முன்பே பார்த்தாக வேண்டும்.

அடையாளம் காண்பது எளிது. ஒரு வெள்ளைத் தாளில் கடுகைப் பரப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கடுகு வழவழப்பாக, உருண்டையாக இருக்கும். பிரமதண்டு விதை மேலே சொரசொரப்பாக, கூடுதல் கறுப்பாக இருக்கும். சந்தேகமான விதையை நசுக்குங்கள். கடுகின் உள்ளே மஞ்சள். பிரமதண்டின் உள்ளே வெள்ளை. இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் மூட்டையின் வாயில் மட்டும் பார்ப்பதில்லை. குத்தூசியால் நடுவிலும் அடியிலும் எடுத்துப் பார்த்த பிறகே சரக்கை இறக்குகிறோம். சில்லறை வணிகர்களும் இதைக் கேட்டுப் பெற உரிமை உள்ளவர்கள். விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று தரகர் சொன்னால், முதலில் சாம்பிளை நசுக்கிப் பாருங்கள்.

பில் இல்லாமல் கடுகு வாங்காதீர்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, விற்றவர் கொடுக்கும் பில்லே சரக்கின் தரத்துக்கு எழுத்து மூலமான உத்தரவாதம். பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால் ஏழாண்டுக்குக் குறையாத சிறையும், ஆயுள் தண்டனை வரையிலும், பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் அதே சட்டத்தில் உண்டு. பில் இல்லாதவர், சரக்கு எங்கிருந்து வந்தது என்று எதைக் காட்டுவார்?

இன்னும் இரண்டு செய்திகள். நாட்டு மருந்தும் மளிகையும் ஒரே கடையில் விற்பவர்கள் பிரமதண்டுச் சரக்கைக் கடுகு டின்னுக்கு அருகில் வைக்க வேண்டாம். ஒரே தராசுத் தட்டு, ஒரே கரண்டி ஆகாது. கடுகைச் சலித்த கழிவைத் தெருவிலோ வயலிலோ கொட்டாமல் எரித்துவிடுங்கள். கொட்டினால் அடுத்த பருவத்தில் அங்கேயே முளைக்கும்.

மருந்தாகும் செடியே இடம் மாறினால் நஞ்சாகிறது. நம்மை நம்பி ஐம்பது கிராம் கடுகு கேட்டு வரும் தாய்மார்கள் உருப்பெருக்கி கொண்டு வருவதில்லை. அவர்களுக்காகப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.