ஐதராபாத்தில் பதக்கம், 19 ஓட்டில் தோல்வி: யார் இந்தக் கணித ‘ஸ்டார்’ வில்லானி?

2022 ஜூன், பிரான்ஸ் நாடாளுமன்றத் தேர்தல். பாரிஸுக்குத் தெற்கே எஸோன் பகுதியில் ஒரு எம்.பி., வெறும் 19 ஓட்டில் பதவியை இழந்தார். தோற்றவர் சாதாரண அரசியல்வாதி இல்லை. உலகின் முன்னணிக் கணித மேதைகளில் ஒருவரான செட்ரிக் வில்லானி.

கணக்குப் பாடத்தோடு ஒட்டே இல்லாதவர்களுக்கும் பிரான்ஸில் இவரைத் தெரியும். தோள் வரை முடி, கழுத்தில் பெரிய முடிச்சாகக் கட்டிய பட்டுத்துணி, கோட்டில் ஒரு சிலந்தி பின். ‘கணிதத்தின் லேடி காகா’ என்றே ஊடகங்கள் பட்டப்பெயர் வைத்தன. ஏன் சிலந்தி? அதை மட்டும் அவர் சொல்வதில்லை!

சரி, அப்படி என்னதான் கண்டுபிடித்தார்?

ஊதுவத்தியை ஒரு மூலையில் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் வாசனை அறை முழுக்கப் பரவிவிடும். பரவிய வாசனை மறுபடி மூலைக்கே போய்ச் சேராது. வாயு இப்படிச் சமநிலைக்கு வருவதை போல்ட்ஸ்மான் சமன்பாடு விவரிக்கிறது. ஆனால் எவ்வளவு வேகத்தில் வரும்? அதற்குக் கணக்குப் போட்டவர்களில் வில்லானி முக்கியமானவர். அந்த வேகம் சீரானதில்லை, நடுவில் கூடும், குறையும் என்று அவரது வேலை காட்டியது.

இன்னொன்று ‘லாண்டாவ் தணிப்பு’. பிளாஸ்மாவில் ஏற்படும் மின்புல அலை, துகள்கள் ஒன்றோடொன்று மோதாமலேயே அடங்கிவிடும் என்று ரஷ்ய இயற்பியலாளர் லாண்டாவ் 1946-லேயே சொல்லிவிட்டார். ஆனால் அவர் போட்டது எளிமைப்படுத்திய கணக்கு. முழுச் சமன்பாட்டுக்கும் அது பொருந்துமா என்ற கேள்வி அறுபது ஆண்டுகளுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. சிறிய அலைகளுக்குப் பொருந்தும் என்று தன் முன்னாள் மாணவர் க்ளெமோன் மூஹோவுடன் சேர்ந்து நிரூபித்தார் வில்லானி. பரிசு கிடைத்தது நம் ஐதராபாத்தில்! 2010 ஆகஸ்ட்டில் அங்கு நடந்த உலகக் கணித மாநாட்டில், அன்றைய குடியரசுத் தலைவர் பிரதீபா பாட்டீல் கையால் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தப் பதக்கம் கிடையாது. வில்லானிக்கு அப்போது 36.

இதற்குப் பிறகுதான் ரூட் மாறியது. வழக்கமான ஆராய்ச்சியாளர் என்றால் அடுத்த தேற்றத்துக்குப் போயிருப்பார். இவர் மேடைக்கும் டிவிக்கும் போனார். 2012-ல் வந்த ‘உயிருள்ள தேற்றம்’ என்ற அவரது புத்தகத்தில் பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள், மூஹோவுடனான மின்னஞ்சல்கள், தப்பாகிப்போன நிரூபணங்கள், தூக்கம் கெட்ட இரவுகள். சூத்திரங்களுக்கு விளக்கமே கிடையாது. “இதை யார் படிப்பது?” என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அது பாடப்புத்தகம் இல்லையே. ஒரு நிரூபணம் பிறப்பதற்குள் ஒரு மனிதன் என்ன பாடுபடுகிறான் என்பதைத்தான் அவர் காட்ட நினைத்தார். அந்த வகையில் புத்தகம் ஜெயித்தது.

விலையும் இருந்தது. பதக்கத்துக்குப் பிறகு அதே அளவுக்குப் பேசப்பட்ட புதிய தேற்றம் எதுவும் அவரிடமிருந்து வரவில்லை.

2017-ல் மக்ரோன் கட்சி சார்பில் எம்.பி. ஆனார். அடுத்த ஆண்டே கல்வி அதிகாரி சார்ல் டொரோஸியானுடன் சேர்ந்து, பள்ளிக் கணிதத்தைச் சீர்படுத்த 21 யோசனைகள் கொண்ட அறிக்கையை அரசிடம் கொடுத்தார். முதலில் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும், பிறகு வாயால் சொல்லட்டும், அதன்பிறகு குறியீட்டுக்குப் போகலாம் என்பது அதில் ஒரு முக்கியமான யோசனை. ஆனால் நடந்த கூத்தைப் பாருங்கள். 2019-ல் அதே அரசு, நம் 11-ம் வகுப்புக்குச் சமமான வகுப்பில் கணிதத்தைப் பொதுப் பாடங்களிலிருந்து எடுத்து விருப்பப் பாடமாக்கியது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு 2023-ல் வாரம் ஒன்றரை மணி நேரம் மட்டும் திரும்பி வந்தது.

அரசியலும் கைகொடுக்கவில்லை. 2020 பாரிஸ் மேயர் தேர்தலில் கட்சி நிறுத்திய வேட்பாளரை எதிர்த்து நின்றதால் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார், தேர்தலிலும் தோற்றார். 2022-ல் இடதுசாரிக் கூட்டணிக்கு மாறி நின்றபோதுதான் அந்த 19 ஓட்டு.

2009 முதல் 2017 வரை பாரிஸின் ஆன்ரி புவான்காரே நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தபோது, அங்கே ஒரு கணித அருங்காட்சியகம் வேண்டும் என்று முனைந்தவர் வில்லானி. அவர் பொறுப்பிலிருந்து விலகி ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில் ‘புவான்காரே இல்லம்’ என்ற பெயரில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.