மாடித்தோட்டத்தில் தானா முளைச்ச தடித்த இலைச் செடி... ரணகள்ளியா, வேற செடியா? கண்டுபிடிப்பது எப்படி?

யாரும் நடலை, விதையும் போடலை. ஆனா ரோஜா தொட்டியின் ஓரத்தில் தடித்த இலைகளோடு ஒரு செடி வளர்ந்து நிற்கிறது. இலை விளிம்பு முழுக்க குட்டிக் குட்டிச் செடிகள். "அட, இது ரணகள்ளி! கிட்னி கல்லுக்கு நல்லது, தினமும் ஒரு இலை சாப்பிடுங்க" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். வாயில் போடும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்க. அது ரணகள்ளியாக இல்லாமலும் இருக்கலாம்.

ஏன் இந்தக் குழப்பம்?

ரணகள்ளிக்கு 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்றே ஒரு பெயர் உண்டு. அதேபோல குட்டி போடும் இன்னொரு செடி, அழகுக்காக வளர்க்கப்படும் 'மதர் ஆஃப் தௌசண்ட்ஸ்'. இரண்டுமே கலஞ்சோ இனம்; இரண்டுக்கும் பூர்வீகம் மடகாஸ்கர். நர்சரியில் வாங்கிய தொட்டி மண்ணில் ஒரே ஒரு குட்டி கிடந்தாலும் போதும், அது வேர் பிடித்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* பால் வருதா?: கையுறை போட்டு இலையைக் கிள்ளிப் பாருங்க. வெள்ளைப் பால் வந்தால் அது கள்ளிக் குடும்பத்துச் செடியாக இருக்கலாம். அந்தப் பால் கண்ணில் படவே கூடாது. பெயரில் கள்ளி இருந்தாலும் ரணகள்ளியில் பால் வராது. தண்ணீர் போன்ற சாறுதான் வரும். மதர் ஆஃப் தௌசண்ட்ஸிலும் அப்படித்தான்.

* இலை வடிவம்: ரணகள்ளி இலை முட்டை வடிவம், விளிம்பு வளைவு வளைவாக இருக்கும். வளர்ந்த செடியில் ஒரே காம்பில் 3 அல்லது 5 சிற்றிலைகளும் வரும். மற்றதன் இலை நீண்டு, நுனி கூராகி, ஈட்டி முனை போல இருக்கும்.

* இலையின் அடிப்பக்கம்: திருப்பிப் பாருங்க. ஊதா நிறத் திட்டுகள் இருந்தால் மதர் ஆஃப் தௌசண்ட்ஸ் என்று சந்தேகிக்கலாம்.

* குட்டி எப்போது வருது?: இதுதான் முக்கியமான அடையாளம். ரணகள்ளியில் பெரும்பாலும் இலையைப் பறித்த பிறகோ, கீழே விழுந்த பிறகோதான் குட்டி முளைக்கும். மற்றதில் இலை செடியில் இருக்கும்போதே விளிம்பில் வரிசையாகக் குட்டிகள் நிற்கும்.

சாப்பிட்டால் என்ன ஆகும்?

கலஞ்சோ செடிகளில் 'பஃபாடையனோலைடு' என்ற நச்சுப் பொருட்கள் உண்டு. இதய நோய்க்குத் தரும் டிகாக்சின் மருந்தைப் போல இவையும் இதயத் துடிப்பைப் பாதிக்கும். ஆஸ்திரேலியாவில் இந்த வகைச் செடிகளை, குறிப்பாகப் பூக்களைத் தின்ற மாடுகள் இறந்திருக்கின்றன. ரணகள்ளியிலும் இதே வகைப் பொருட்கள் இருக்கின்றன. அதனால் சரியாக அடையாளம் கண்டாலும், மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். இதய நோய் மாத்திரை எடுப்பவர்கள் கூடுதல் கவனமா இருக்கணும்.

குழந்தை தெரியாமல் மென்றுவிட்டால், வாயைக் கழுவி, செடியின் ஒரு கிளையையோ போட்டோவையோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்க. வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாதீங்க. வாந்தி, வயிற்றுப்போக்கு, படபடப்பு இருந்தால் 108-ஐ அழையுங்க.

மொபைல் ஆப் சொன்னால் நம்பலாமா?

கூகுள் லென்ஸ் போன்ற வசதிகள் பெயரை ஊகிக்க உதவும், அவ்வளவுதான். ஒரே போட்டோவை நம்பாமல் இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டு, பூ எல்லாவற்றையும் எடுத்து, அருகில் உள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டுவது நல்லது.

வேண்டாம் என்றால்?

பிடுங்கித் தெருவோரக் குப்பையில் வீசாதீங்க. மாடு, ஆடு தின்னும்; விழுந்த குட்டி ஒவ்வொன்றும் புதுச் செடியாகும். பையில் போட்டு இறுகக் கட்டி, வெயிலில் வைத்து முழுவதும் வதங்கிய பிறகே அப்புறப்படுத்துங்க. தொட்டி மண்ணில் உதிர்ந்த குட்டிகளையும் பொறுக்கிவிடுங்க.