கண்ணைக் கட்டினால் போதுமா?

பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்து வருகிறது. பார்வையற்றோர் படும் சிரமத்தைப் பிள்ளைகள் அறியவேண்டுமென்று, அவர்கள் கண்களைத் துணியால் கட்டி, கையில் ஒரு கோலைக் கொடுத்து, ஐந்து நிமிஷம் மைதானத்தில் நடக்கவிடுகிறார்கள். பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், இரண்டொருவர் விழுகிறார்கள், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். கட்டை அவிழ்த்ததும், "ஐயோ பாவம், நமக்காவது கண் இருக்கிறதே" என்று பெருமூச்சு விடுகிறார்கள். உபாத்தியாயருக்குப் பரம திருப்தி. அக்டோபர் 15ந் தேதி, வெள்ளைக்கோல் தினம், இவ்விதம் கொண்டாடப்பட்டு முடிகிறது.

இது நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் காரியமே. ஆயினும் இதனால் விளைவது நன்மையன்று என்று நாம் சொல்லத் துணிகிறோம். இது வெறும் அபிப்பிராயமல்ல. அமெரிக்காவில், தாமும் பார்வையற்றவரான ஏரியல் சில்வர்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்து, 2015ல் முடிவை வெளியிட்டனர். கண்ணைக் கட்டிக்கொண்டு சிறிது நேரம் நடமாடியவர்கள், அவ்வாறு செய்யாதவர்களைவிட, பார்வையற்றவர்களின் திறமையைக் குறைவாகவே மதித்தார்கள். உத்தியோகம் பார்க்கவும், தனித்து வாழவும் அவர்களால் இயலுமா என்ற சந்தேகம் இவர்களுக்குத்தான் அதிகமாக இருந்தது. அதாவது, இரக்கம் வளர்ந்தது, மதிப்புக் குறைந்தது.

இதில் ஆச்சரியமில்லை. முதன்முதல் ஆற்றில் இறங்கிய பையன் இரண்டு மிடறு தண்ணீர் குடித்துத் திணறிவிட்டுக் கரையேறி, நீச்சல் என்பதே மூச்சுத் திணறல்தான் என்று சாதித்தால், காவேரிக்கரையில் யார் அதை ஒப்புக்கொள்வார்கள்? பல வருஷம் பழகிய ஒருவர் கோலாலும் காதாலும் பாதத்தாலும் வழியறிந்து செல்வது ஒரு வித்தை. கட்டுத்துணி அந்த வித்தையைக் காட்டுவதில்லை. பழகாதவனுடைய பயத்தைத்தான் காட்டுகிறது.

முத்துப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இந்த உண்மையை எடுத்துச் சொல்ல அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. ஜில்லாவின் தலைநகரான திருவாரூரே போதும். பிறவியிலேயே பார்வையற்றவரான தண்டியடிகள் கமலாலயக் குளத்தைத் தோண்டிப் பெருக்கிய வரலாறு பெரியபுராணத்தில் உள்ளது. குளத்தினுள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இடையே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து வந்து கொட்டினார். பிற்பாடு அவருக்குப் பார்வை கிடைத்ததென்று புராணம் கூறுகிறது. பக்தர்கள் அந்த அற்புதத்தையே எடுத்துப் பேசுவார்கள். நாம் இங்கே கவனிப்பது அதற்கு முந்திய பகுதியை. கயிறு இருந்தவரையில் அவர் வேலை நடந்தது. பகைத்தவர்கள் அவருடைய மண்வெட்டியைப் பறித்து, தறியையும் கயிற்றையும் பிடுங்கி எறிந்தபோதுதான் நின்றது. அவரைத் தடுத்தது எது? கண் இல்லாமையா, கயிறு இல்லாமையா? இந்த ஒரு கேள்வியை ஐந்தாம் வகுப்பில் கேட்டுவிட்டு உபாத்தியாயர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.

பேச்சோடு நின்றாலும் பயனில்லை. கைகள் வேலை செய்யவேண்டும். வீட்டுப் பரணில் கிடக்கும் பல்லாங்குழியை எடுத்து, நெடுக்காக வைத்து, வரிசைக்கு மூன்றாக ஆறு குழிகளைக் கணக்கில் கொள்க. இடப்புறம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்புறம் 4, 5, 6. முதற் குழியில் மட்டும் ஒரு சோழி இட்டால் அது 'அ'. ஒன்றிலும் மூன்றிலும் இட்டால் 'க'. ஒன்று, மூன்று, நான்கில் இட்டால் 'ம'. பிரெயில் எழுத்தின் இரகசியம் இவ்வளவே. ஒரு காலை வேளையில் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொள்வார்கள். பிறகு கெட்டிக் காகிதத்தில் ஊசியால் குத்திப் பழகலாம். காகிதத்தின் பின்புறத்தில் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுதவேண்டும். திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். இதைக் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளுக்கு உண்டாகும் குதூகலத்தைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

இந்த எழுத்து பார்வையுள்ளோர் மனமிரங்கி அளித்த தானமன்று என்பதையும் சொல்லவேண்டும். பிரான்சில் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, மூன்றாம் வயதில் தந்தையின் பட்டறையில் ஊசி குத்திப் பார்வையிழந்த லூயி பிரெயில், 1824ல், பதினைந்து வயதுப் பையனாக இருந்தபோதே இதை உருவாக்கினார். தமிழ்நாட்டில் 1890லேயே பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பாடசாலை தோன்றிவிட்டது. 1951ல் பாரத பாஷைகளுக்கெல்லாம் பொதுவான பிரெயில் முறை ஏற்பட்டது. தமிழில் 'க' என்று விரலுக்குத் தட்டுப்படும் அதே புள்ளிகள் ஹிந்தியிலும் வங்காளியிலும் அதே ஒலியைத்தான் குறிக்கும். கண்ணுள்ளவர்கள் லிபிக்காக இன்னமும் மல்லுக்கு நிற்கிறோம்!

அடுத்த பாடத்துக்கு ஊரின் தென்புறமே பாடசாலை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருகிறார்கள். படகில் சென்று, பச்சைப் பசேலென்று பார்த்து, படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தக் காட்டைத் தொட்டு அறிந்தவர் எத்தனை பேர்? சேற்றிலிருந்து பென்சில்போல் நிமிர்ந்து நிற்கும் சுவாச வேர்களை விரல்களால் எண்ணிப் பார்க்கவேண்டும். மரம் வேரால் உறிஞ்சிய உப்பை இலைவழியே வெளியேற்றுகிறது. அந்த இலையை நாவில் வைத்தால் கரிக்கும். நீர் ஏறுகிறதா, வற்றுகிறதா என்பதைக் கணுக்காலே சொல்லிவிடும். பார்வையற்ற ஒருவரை ஆசிரியராக அழைத்துச் சென்று, இந்தக் காட்டை அவர் எவ்வாறு அறிகிறாரென்று கேட்டு, பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொள்ளாமலே அவ்விதம் செய்து பார்க்கட்டும். காண்பது அறிவதில் ஒரு வகை மட்டுமே என்பது அப்பொழுது விளங்கும்.

அழைத்துச் செல்லும் முறையையும் கற்பிக்கவேண்டும். நம்மவர் செய்கிற உபகாரத்தில் பாதி உபத்திரவம். கோலின் நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள், முதுகைப் பிடித்துத் தள்ளுகிறார்கள், கூட வந்தவரைப் பார்த்து, "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள், அவருக்கு வாயும் இல்லாததுபோல. முதலில் அவரையே கேட்கவேண்டும். உதவி வேண்டுமென்றால் நம் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்வார். நாம் அரை அடி முன்னே செல்லவேண்டும். படி வந்தால் ஏற்றமா இறக்கமா என்று சொல்லவேண்டும். பத்து நிமிஷத்தில் கற்கக்கூடியது. ஆயுள் முழுவதும் உதவக்கூடியது.

இனித் தெருவுக்கு வருவோம். நமது தொண்டர்களுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. பிள்ளைகள் பத்துப்பேர், வழி நடத்தப் பார்வையற்றவர் ஒருவர், கையில் ஒரு நோட்டுப் புஸ்தகம். ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாகப் பள்ளிக்கூடம் வரை நடந்து, அவர் நிற்கவேண்டி வரும் இடமெல்லாம் ஏன் நின்றாரென்று குறித்துக்கொள்ளவேண்டும். மூடியில்லாத சாக்கடை, நடைவழியில் நிறுத்திய மோட்டார் சைக்கிள், கடை வாசலைத் தாண்டி நீண்ட பலகை, மின்கம்பத்தைத் தாங்கும் சாய்ந்த கம்பி, தலைக்கு நேரே தொங்கும் விளம்பரம். கடைசி இரண்டும் கோலுக்கு அகப்படா, நெற்றிக்கே அகப்படும். ரயில் நிலையங்கள் பலவற்றின் பிளாட்பாரத்தில் மஞ்சள் நிறத்தில் புடைத்த கற்கள் பதித்திருக்கிறார்கள். அழகுக்கென்று பலர் எண்ணியிருக்கிறார்கள். ஜப்பானில் ஸெயிச்சி மியாகே என்பவர் கண்டுபிடித்து, 1967 மார்ச் 18ந் தேதி ஒகயாமா நகரில் முதன்முதல் பதித்தது அது. நீண்ட கோடுகள் இருந்தால் நட; புள்ளிகள் இருந்தால் நில். தண்டியடிகளின் கயிறுதான் கல்லாகியிருக்கிறது. அதன்மேல் மூட்டையை அடுக்குகிறவன் அந்தக் கயிற்றை அறுக்கிறான்.

இவை யாரும் போடும் பிச்சையல்ல. 2011ம் வருஷக் கணக்குப்படி இத்தேசத்தில் பார்வைக் குறைபாடு உடையோர் ஐம்பது லட்சம் பேர். 2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 39வது பிரிவு, பள்ளி, கல்லூரி, சர்வகலாசாலை ஆகிய எல்லா நிலைகளிலும் இவ்விஷயத்தைப் போதிக்கவேண்டுமென்று சொல்லுகிறது. அதே சட்டத்தின் 45வது பிரிவு, விதிகள் வெளியான ஐந்தாண்டுகளுக்குள் பொதுக் கட்டடங்களைச் சகலரும் வந்துபோகத்தக்கதாக மாற்றியமைக்கச் சொல்லுகிறது. விதிகள் 2017ல் வெளியாயின. கெடு 2022ல் தீர்ந்துவிட்டது.

வழி நடத்திய பார்வையற்ற ஆசிரியருக்கு நாட்சம்பளம் கொடுக்கவேண்டும். மாலையும் சால்வையும் அதற்கு ஈடாகா. பிள்ளைகளின் பட்டியலில் பல இனங்களுக்குக் காசே வேண்டாம். பலகையை உள்ளே இழுக்கவும் வண்டியை ஓரமாக நிறுத்தவும் கடைக்காரரிடம் பிள்ளைகளே போய்க் கேட்கலாம். குழந்தை கேட்டால் மறுப்பவர் குறைவு. சாக்கடை மூடிக்கும், கம்பிக்கும், அரசாங்கக் கட்டடத்தின் சாய்வு வழிக்கும் மனு எழுதவேண்டும். அதில் சட்டப் பிரிவின் எண்ணைக் குறித்து, நடந்து பார்த்த பிள்ளைகள் கையெழுத்திட்டு, அவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு போய் நேரில் கொடுக்கவேண்டும். ரசீது வாங்காமல் திரும்பக்கூடாது.