எழுத்து மாறவில்லை, புள்ளி விழுந்தது

பிள்ளைக்கு இளைப்பு என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "தாத்தாவுக்கு இருந்ததா?" என்பதுதான். இருந்தது என்று யாராவது சொல்லிவிட்டால் விசாரணை முடிந்தது. ஆனால் ஒரே மரபணுக்களோடு பிறந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு ஆஸ்துமா வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு. அப்போது தாத்தாவை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

சுவாசிக்கும் காற்றையும் விசாரிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ என்றொரு ஊர். திராட்சையும் பாதாமும் விளையும் சான் வாகீன் பள்ளத்தாக்கின் நடுவே இருக்கிறது. கிழக்கே சியாரா நெவாடா மலை, மேற்கே கடலோர மலைத்தொடர். 99ஆம் எண் நெடுஞ்சாலையில் ஓடும் டீசல் லாரிகளின் புகையும் வயல் புழுதியும் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கும். வண்டியில் சில மணி நேரத் தொலைவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு பகுதியில் காற்று எவ்வளவோ சுத்தம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் காரி நாடோவும் அவரது குழுவினரும் இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் ரத்தத்தையும் ஒப்பிட்டு 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அவர்கள் தேடியது 'ஒழுங்குபடுத்தும் டி-செல்'களை. நம் எதிர்ப்புப் படை தூசியைப் பார்த்துப் பகைவன் என்று துள்ளும்போது 'போதும்' என்று அதட்டி அடக்குபவை இவை. இரண்டு ஊரிலும் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருந்தார்கள். ஃபிரெஸ்னோ பிள்ளைகளிடம்தான் இந்தச் செல்களின் அதட்டல் எடுபடவில்லை. அவற்றை இயக்கும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவின் மேல் மீத்தைல் குறிகள் கூடுதலாக ஒட்டியிருந்தன.

மீத்தைல் குறி என்றால் ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். தமிழில் 'க' மேல் புள்ளி வைத்தால் எழுத்தின் உருவம் அப்படியே இருக்க, உள்ளிருக்கும் அகரம் அடங்கிவிடுகிறதல்லவா? இதுவும் அதுபோலத்தான். டிஎன்ஏவின் எழுத்து மாறுவதில்லை. அந்த இடம் வாயடைத்துப் போகிறது. உவமை முழுக்கப் பொருந்தாது: ஒற்றைப் புள்ளி பெரும்பாலும் ஒன்றும் செய்துவிடாது, மரபணுவின் தொடக்கப் பகுதியில் பல புள்ளிகள் நெருங்கி விழ வேண்டும். குறிகள் மாறுவதற்கு ஆண்டுக்கணக்கில் புகை குடிக்க வேண்டியதில்லை. கனடாவின் வான்கூவரில் ஆஸ்துமா உள்ள 16 பேர் தாங்களாக முன்வந்து, நீர்த்த டீசல் புகையை இரண்டு மணி நேரம் சுவாசித்தார்கள். அதன்பின் எடுத்த அவர்களின் ரத்தச் செல்களில் சில குறிகள் கூடியோ குறைந்தோ இருந்தன.

தாத்தா கேள்விக்குத் திரும்புவோம். அதைப் பாட்டியிடம் கேட்டிருக்க வேண்டும். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தாயை வயிற்றில் சுமந்தபோது பாட்டி புகைபிடித்திருந்தால், பேரப்பிள்ளைக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. தாய் புகைபிடிக்காதவராக இருந்தாலும் வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது. பெண் சிசுவின் கருமுட்டைகள் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. ஆக, பாட்டி இழுத்த ஒரு சிகரெட்டின் புகையில் மூன்று தலைமுறைகள் நனைகின்றன. இங்கே நிதானம் தேவை: அந்த ஆய்வு கேள்வி கேட்டு எடுத்த கணக்கு, யாருடைய டிஎன்ஏவையும் பார்க்கவில்லை. மீத்தைல் குறிதான் தூது போனது என்பது ஊகம். ரத்தத்தில் தெரியும் குறி நோயின் காரணமா விளைவா என்பதையும் எளிதில் பிரித்துவிட முடியாது.

குறிகளிலும் வகை உண்டு. அசிட்டைல் என்பது எதிர்மாறானது; அது சுருண்ட டிஎன்ஏவைத் தளர்த்தி மரபணுவைப் பேச வைக்கும். இளைப்புக்காரர்கள் அன்றாடம் உறிஞ்சும் ஸ்டீராய்டு இன்ஹேலரின் வேலையில் ஒரு பகுதி இங்கேதான் நடக்கிறது. அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களிடம் ஹெச்டாக்2 என்ற நொதியை அது அழைத்து வர, நொதி அசிட்டைல் குறிகளைக் கழற்றிவிடுகிறது. சிகரெட் புகை நலியச் செய்வது அந்த நொதியைத்தான். புகைபிடிக்கும் ஆஸ்துமாக்காரருக்கு இன்ஹேலர் சரியாகக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.