இறகு உதிர்வும் குருத்திறகும்

கூண்டின் அடியில் இறகுகள் குவிவதைக் கண்டதும் பறவைக்கு நோய் வந்துவிட்டதென்று அஞ்சி மருந்து தேடுவதும், உதிர்வது இயல்புதானே என்று அதனைக் கவனியாது விடுவதும் வளர்ப்போரிடையே காணப்படும் இருவகைப் பிழைகளாகும். இறகு கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மனித நகமும் இவ்வகைப் புரதத்தால் ஆனதே எனினும், நகம் அடியிலிருந்து ஓயாது வளர்ந்து தேய்மானத்தை ஈடுசெய்துகொள்ள, இறகோ முழு அளவை எட்டியதும் உயிரற்ற பொருளாகிவிடுவதால், முறிந்தாலும் தேய்ந்தாலும் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே, தோலில் இறகு முளைக்கும் குழியாகிய இறகுப்பை, புதிய இறகை உருவாக்கிப் பழையதை வெளித்தள்ளுகிறது.

இம்மாற்றம் ஓர் ஒழுங்கில் நிகழ்கிறது. வாத்துகள் பறப்பு இறகுகள் அனைத்தையும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் உதிர்த்துவிட்டுச் சில வாரங்கள் பறக்க இயலாமல் இருக்கின்றன. கிளியினத்துப் பறவைகளோ இறக்கை நுனியிலுள்ள பத்துப் பறப்பு இறகுகளில் நடுவிலுள்ள ஒன்றை முதலில் உதிர்த்து, அங்கிருந்து இருபுறமும் படிப்படியாக, இடமும் வலமும் பெரும்பாலும் ஒத்திருக்கும்படி மாற்றிக்கொள்வதால், பறக்கும் ஆற்றலை இழப்பதில்லை. லவ் பேர்ட்ஸ் என்று இங்கு வழங்கப்படும் பட்ஜெரிகர், மூன்று நான்கு மாத வயதில் முதன்முறை இறகு மாற்றும்போது, அதன் நெற்றியிலிருந்த கறுப்புக் கோடுகள் மறைகின்றன.

இவ்வனைத்திலும் வியப்புக்குரியது குருத்திறகு ஆகும். முளைக்கும் இறகு, மெல்லிய கெரட்டின் உறைக்குள் சுருண்ட நிலையில், முள்போல் தோலைத் துளைத்து வெளிவருகிறது. அதன் தண்டினுள் ஓடும் இரத்தம் வளர்ச்சிக்கு வேண்டிய ஊட்டத்தைக் கொண்டுசேர்ப்பதால், அப்பகுதி கருநீலமாகத் தோன்றும். வளர்ச்சி முடிந்ததும் இரத்தக் குழாய்கள் உள்வாங்கிக்கொள்ள, உறை காய்ந்து உதிர, பறவை அலகால் கோதி அதனை நீக்கி இறகை விரிக்கிறது. ஆனால் தன் தலையிலுள்ள குருத்துகளை எப்பறவையின் அலகும் எட்டாது. கூட்டமாக வாழும் கிளியினங்களில் இணைப்பறவை அவற்றைக் கோதிவிடுகிறது. கூட்டமாய் வாழப் பிறந்த உயிரைத் தனிக்கூண்டில் அடைப்பவர், அந்த உதவியையும் அதனிடமிருந்து பறித்துவிடுகிறார். தலையிறகுகள் செம்மையாயிருக்க மார்பு மட்டும் வழுக்கையானால், அது உதிர்வன்று. பறவை தன் இறகைத் தானே பிடுங்குகிறது என்று ஐயுற்று, கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இறகின் பெரும்பகுதி புரதமாதலால், இறகு மாறும் பருவத்தில் தினையை மட்டும் உண்ணும் பறவைக்கு ஊட்டம் போதாது. ஊட்டக் குறைவோ கடும் அச்சமோ நேர்ந்த நாளில் வளர்ந்த பகுதி, இறகின் குறுக்கே மெலிந்த கோடாகப் பதிந்து, பின்னர் அவ்விடத்திலேயே முறியக்கூடும். வேகவைத்த முட்டை, முளைகட்டிய பயறு, கீரை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்து, குளிக்க நீரும் இடையூறற்ற உறக்கமும் தருவதே தக்க பராமரிப்பாகும்.

பறந்துவிடாதிருக்க இறக்கையைக் கத்தரிப்போர், வெட்டிய இறகு அடுத்த உதிர்வு வரை குட்டையாகவே நிற்கும் என்பதையும், வெட்டுண்ட இறகுகளுக்கிடையே முளைக்கும் குருத்து அண்டை இறகுகளின் காப்பின்றி எளிதில் முறிந்து குருதி கசியும் என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. காட்டு உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 நம் நாட்டுப் பச்சைக்கிளியை வளர்ப்பதைத் தடைசெய்திருந்தும், சோதிடத்துக்காக இறக்கை வெட்டப்பட்ட கிளிகள் இன்றும் சிறு பெட்டிகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. இயற்கை ஒவ்வோர் உதிர்விலும் பறவைக்குப் பறக்கும் ஆற்றலைப் புதுப்பித்துத் தர, அதனை மீண்டும் மீண்டும் வெட்டி எறிவது வளர்ப்பு ஆகாது.