சோக்கும் சம்மட்டியும் – 9: சோடாத் திறப்பு

செய்து முடித்த சாமானைக் கையில் கொடுத்தேன். மாமா அதைக் கண்ணால் பார்க்கவில்லை, பெருவிரலால் தடவினார். வளையத்துக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். முறுக்கு ஓடிய பிடியைச் சுட்டுவிரலின் மேல் கிடத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். பிறகுதான் வாய் திறந்தார்.

"இதால என்னத்த வெட்டுற மனே?"

"வெட்டுறதுக்கு இல்ல மாமா. சோடாப் போத்தல் திறக்கிறதுக்கு."

"அதுக்குத்தானே பல்லிருக்கு."

அவருக்கு அது இல்லை என்பது வேறு கதை.

அந்தக் கேள்வியில் கிண்டல் எதுவும் இல்லை. சம்மாந்துறை வட்டைகளில் உழுதவர்களுக்கும் வெட்டியவர்களுக்கும் கொழு, மண்வெட்டி, தாக்கத்தி, கோடாலி என்று அடித்துக் கொடுத்துக் காய்த்துப்போன கை அது. அவருடைய கம்மாலையில் ஒரு சாமான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கிண்ட வேண்டும். வெள்ளாமைக்காரர் வந்து தாக்கத்தியை வாங்கி முன்கை மயிரில் வைத்து இழுத்துப் பார்ப்பார். மயிர் விழுந்தால் காசு, விழாவிட்டால் திரும்ப உலைக்கு. வடிவாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவரிடம் வெற்றிலை மாதிரி நுனியும் சங்கிலி மாதிரி முறுக்குமாக ஓர் இரும்பை நீட்டினால் அவர் வேறென்ன கேட்பார்?

ஆனால் உலகத்தில் என்னைப்போல விடுமுறை நாளில் சம்மட்டி பிடிக்கிறவர்கள் நிறையப் பேர் தொடக்கத்திலேயே செய்து பார்ப்பது இந்தச் சாமானைத்தான். மேல்நாடுகளில் கொல்லுத் தொழில் ஏறக்குறைய அணைந்துபோன பிறகு, அதைத் திரும்ப மூட்டியவர்கள் கொல்லர்கள் மட்டும் அல்லர். அலுவலகத்தில் இருந்தவர்கள், வாத்திமார், பென்சன்காரர்கள் என்று பலரும் சேர்ந்து மூட்டினார்கள். வட அமெரிக்காவில் கலைக் கொல்லர் சங்கம் 1973இல் தொடங்கியது, பிரித்தானியாவில் 1978இல். குதிரைக்கு லாடம் கேட்டு ஆள் வராத காலத்தில் அவர்கள் கொக்கி, இலை, மெழுகுதிரித் தண்டு, போத்தல் திறப்பான் என்று அடிக்கப் பழகினார்கள். இதில் கடைசியாகச் சொன்னதுதான் கெட்டிக்காரச் சாமான். ஒரு சாண் இரும்புக்குள் தட்டையாக்கல், துளைத்தல், விரித்தல், நீட்டல், முறுக்கல் எல்லாம் வந்துவிடுகிறது. இலையும் கொக்கியும் பிழைத்துப் போனால் "இது என் பாணி" என்று சொல்லித் தப்பலாம். போத்தலுக்கு முன்னால் அந்தப் பேச்சு எடுபடாது. மூடி கழன்றதா, இல்லையா, அவ்வளவுதான்.

அந்த மூடியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓரம் நெளிநெளியாக இருக்கும் தகர மூடிக்குக் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர், 1892 பெப்ரவரி 2ஆம் திகதி. அவருடைய மூடிக்கு 24 பல், இன்றைய மூடிக்கு 21. நம்பாதவர்கள் எண்ணலாம், நான் எண்ணினேன். மூடியைச் செய்த பிறகுதான் அதைக் கழற்ற ஒன்று வேண்டும் என்ற நிலை வந்தது. அந்தத் திறப்பானுக்கும் 1894இல் அவரே காப்புரிமை வாங்கிக்கொண்டார். பூட்டும் அவருடையது, திறப்பும் அவருடையது. அதற்கு முன் வந்த ஹிராம் கொட் என்ற ஆங்கிலேயரின் போத்தலுக்கு ஆயுதமே தேவைப்படவில்லை. கழுத்துக்குள் நிற்கும் கண்ணாடிக் குண்டை உள்ளே தள்ளினால் சரி. தமிழ்நாட்டில் கோலி சோடா என்று அது இன்றும் உயிரோடு இருக்கிறது. பெயின்டரின் கம்பனியில் விற்பனையாளராக இருந்தவர் கிங் ஜில்லெட். ஒருதரம் பாவித்துவிட்டு எறியக்கூடிய ஏதாவது ஒன்றைக் கண்டுபிடி என்று பெயின்டர் சொன்னாராம். அந்தச் சொல்லிலிருந்துதான் சவர பிளேட்டு பிறந்ததாம். மூடியை எறிந்துவிடலாம். திறப்பானை யாரும் எறிவதில்லை, அது தானாகத் தொலையும், அதுவும் விருந்தாளி வந்த நேரம் பார்த்து.

என் வீட்டுக் கொல்லையில் இருப்பது லொறியின் பழைய பிரேக் டிரம். அதுதான் உலை. காற்றுக்கு மனைவியின் ஹெயார் டிரையர். (கேட்டுத்தான் எடுத்தேன், திருப்பிக் கொடுக்கவில்லை.) 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நேரத்தில் அந்த ஏற்பாடு படுத்துவிட்டது. அப்போதுதான் மாமாவின் கம்மாலைக்குள் முதன்முதலாக வேலைக்கென்று கால் வைத்தேன். அவருடைய ஊதுவிசிறியைச் சுற்றுவது சைக்கிள் சில்லு. அதற்குக் கரண்டும் தெரியாது, கட்டும் தெரியாது.

ஓர் அங்குல அகலம், கால் அங்குலத் தடிப்பு, ஏழங்குல நீளம். பட்டை இரும்பில் இவ்வளவு போதும். சிரட்டைக்கரி வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கும்போது இரும்பை உள்ளே வைக்க வேண்டும். நாவற்பழக் கறுப்பு, குங்குமச் சிவப்பு, பிறகு தோடம்பழ நிறம். இந்த நிறத்தில்தான் துளைக்க வேண்டும். இரும்பைப் பட்டடைக்கல்லில் வைத்து, நுனியிலிருந்து ஓரங்குலம் தள்ளித் துளை உளியை நிறுத்தி மூன்று அடி. உடனே உளியை எடுத்துத் தண்ணீரில் தோய்க்க வேண்டும். நாலாவது அடிக்கு ஆசைப்பட்டால் உளியின் மூக்கு இளகிச் சப்பையாகி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். என் முதல் உளி அப்படித்தான் போனது. உளி அடியில் இருக்கும் கல்லை நெருங்கினால் கைக்குத் தெரியும். அதுவரை சதக் சதக் என்று இறங்கியது திடீரென்று டங் என்று கையைத் திருப்பி அடிக்கும். இனி இரும்பைப் புரட்டிப் போட்டால், சிவந்த தகட்டின் நடுவே காசளவு கறுப்பாக ஒரு பொட்டுத் தெரியும். உளி நெருங்கிக் குளிர்ந்த இடம் அது. அந்தப் பொட்டில் உளியை வைத்து ஒரே அடி. சின்ன இரும்புக் காசொன்று கல்லோரத்தில் தெறித்து விழும்.

அந்தக் காசு விழுவதைப் பார்ப்பதற்காகவே நான் இதைச் செய்கிறேன் என்று என் மகள் சொல்கிறாள். மறுக்க முடியவில்லை.

பிறகு துளைக்குள் கூம்பு இரும்பை விட்டு விரித்து முட்டை வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூடியின் குறுக்களவு ஏறக்குறைய ஓரங்குலமும் ஒரு நெல்லளவும். வளையம் அதை முழுதாக விழுங்கவும் கூடாது, மேலேயே நின்றுவிடவும் கூடாது. இனி வருவதுதான் உயிர். வளையத்தின் உள்விளிம்பில், பிடி இருக்கும் பக்கத்தில், உருண்டை உளியால் ஓர் அடி அடித்தால் இரும்பு ஒரு சின்னப் பல்லாக உள்ளே பிதுங்கும். வளையத்தின் தலைப்பு மூடியின் மேல் ஊன்றிக்கொள்ளும், பல் மூடியின் பாவாடைக்குக் கீழே பிடித்துக்கொள்ளும், பிடியைத் தூக்கினால் மூடி எழும்பும். பல் மூன்று மில்லிமீட்டர் போதும்.

எனக்கு முதலில் வந்தது ஐந்து. பெருமையாக வீட்டு விருந்துக்குக் கொண்டுபோனேன். பல் மூடியைத் தாண்டிப் போய்க் கண்ணாடிக் கழுத்தில் குத்தியது. நான் தூக்கினேன். மூடியும் வந்தது, போத்தலின் வாயும் வந்தது. கண்ணாடித் தூள் விழுந்த நெக்டோச் சோடாவை மச்சான் ஒரு சொல்லும் பேசாமல் வாழையடியில் ஊற்றினார். இரண்டாவது திறப்பானில் பல் குட்டை, வழுக்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவதை மஞ்சளுக்கு மேலே சூடாக்கி, மத்தாப்பு மாதிரிப் பொரி பறக்கும்வரை மறந்து நின்றுவிட்டேன். பொரி பறந்தால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம். அந்தப் பல் முதல் மூடியிலேயே பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. நாலாவதுதான் மாமாவின் கைக்குப் போனது.

முறுக்குக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. பிடியை நடுவில் சதுரமாக அடித்து, ஒரே நிறம் வரும்வரை பொறுத்து, வைஸில் கடித்து, ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்று. ஓரிடம் அதிகமாகச் சிவந்திருந்தால் முறுக்கு அங்கேயே கூடிப்போய் மற்ற இடம் மொட்டையாக நிற்கும். வெற்றிலை நுனிக்கு மட்டும் இரண்டு பின்னேரம் எடுத்தேன். நடு நரம்பு, பக்க நரம்பு, காம்பு என்று ஒவ்வொன்றாக உளியால் கீறினேன். கடைசியில் சூடு இறங்கிக் கறுத்த பிறகு கம்பித் தூரிகையால் உரசித் தேன்மெழுகு பூசினால், புகைந்து உள்ளே இறங்கி, நாகப்பழத் தோல் மாதிரி ஒரு மினுக்கம் வரும்.

இதெல்லாம் நடந்தது கச்சான் காலத்தில். கொறிக்கிற கச்சானைச் சொல்லவில்லை. மேற்கே மலையைத் தாண்டி இறங்கி, ஈரத்தை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, எங்கள் கரைக்கு வெறும் அனலாக வரும் காற்றைச் சொல்கிறேன். அது வீசும் நாளில் மாமா பத்து மணிக்கே உலையை மூடிவிடுவார். ஒரு பொரி போதும், பக்கத்து வேலி போய்விடும். எங்களுக்குத் தொல்லையான அந்த மேல்காற்றை ஒருகாலத்தில் இரும்பு உருக்கப் பிடித்து வைத்திருந்தார்கள். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவயில், மேற்கு பார்த்த மலைச்சரிவுகளில் வரிசையாக உலைகள் இருந்தன. துருத்தி ஊதுவதற்கு ஆள் இல்லை, காற்றே ஊதியது. ஜில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் அவற்றை அகழ்ந்து, அதே மாதிரி ஓர் உலை கட்டி உருக்கியும் காட்டி, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11 வரையிலான காலம். ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்-கிந்தி, சரந்தீபின், அதாவது இலங்கையின், இரும்பையும் குறித்திருக்கிறார். இதை மாமாவிடம் சொன்னேன். "அப்ப காத்துக்குக் கூலி குடுக்கத் தேவையில்ல" என்றார். ஒவ்வொரு நாளும் சைக்கிள் சில்லுச் சுற்றப் பேரனைக் கெஞ்சுகிறவர் அவர்.

மாமாவின் மகனுக்குக் கட்டாரில் வெல்டிங் வேலை. ஊருக்கு வந்தால் கம்மாலைப் பக்கம் தலை காட்டுவதில்லை. அவனில் பிழை இல்லை. கம்மாலைக்காரன் மகன் என்று ஊரில் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டபின் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நான் சம்மட்டி தூக்கினால் "சேருக்கு நல்ல பொழுதுபோக்கு" என்கிறார்கள். அதே சம்மட்டியை அவன் தூக்கினால் அது பொழுதுபோக்கு இல்லை. இதை எழுதாமல் விட்டால் இந்தத் தொடர் பொய்யாகிவிடும்.

மாமாவின் பட்டடைக்கல்லுக்கும் ஒரு கதை உண்டு. 1990இல் போரால் மாமாவின் ஊரான வீரமுனை இடம்பெயர்ந்தபோது ஒருவரும் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, தூக்கவும் முடியாது. திரும்பி வந்தபோது கூரை இல்லை, துருத்தி இல்லை, குறடு ஒன்றுகூட இல்லை. கல் மட்டும் கிடந்த இடத்தில் கிடந்தது. அதைப் பற்றி அவர் அதற்குமேல் பேசமாட்டார், நானும் கேட்டதில்லை.

திறப்பானைக் கல்முனையில் ஒரு கூல்பார்க்காரருக்குக் கொடுப்பதென்று முடிவெடுத்தேன். என்னிடம் படித்த பிள்ளையின் வாப்பா அவர். போகும் வழியில் காரைதீவுச் சந்தியில் விபுலானந்த அடிகளின் சிலையைக் கடக்கும்போதுதான் உறைத்தது. அடிகள் காரைதீவில் பிறந்ததும் அதே 1892, மார்ச் மாதம். பெயின்டரின் மூடிக்கும் அவருக்கும் இரண்டு மாதம்கூட வித்தியாசம் இல்லை. இதனால் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை, ஆனால் பஸ்ஸில் இருந்து சிரித்துவிட்டேன்.

கூல்பார்க்காரர் முதலில் தயங்கினார். இந்தச் சாமானைப் பார்த்தாலே சனங்களுக்கு வேறு போத்தல் ஞாபகம் வருமாம். அறுகம்பையில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கிற கடையில் கொடுத்தால் நல்ல காசு வரும் என்றார். "காக்கா, நீங்க விக்கிறதும் பியர்தானே" என்று எலிபன்ட் இஞ்சி பியரைக் காட்டினேன். இஞ்சிக்கும் சீனிக்கும் வெள்ளைக்காரன் வைத்த பெயரால் வந்த வம்பு அது. சிரித்துக்கொண்டே வாங்கி, நைலோன் கயிற்றில் கட்டிப் பெட்டிப் பக்கம் தொங்கவிட்டார். முதல் மூடி டக் என்று கழன்று மேசைக்குக் கீழே உருண்டது. போத்தலின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். சேதமில்லை.

ஆறு மாதம் கழித்துப் போன கிழமை அந்தப் பக்கம் போனேன். திறப்பான் அதே கயிற்றில் தொங்கியது. வளையத்தின் பல் வெள்ளி மாதிரி வெளுத்திருந்தது. முறுக்கின் மேடுகள், பெருவிரல் படும் இடத்தில், எண்ணெய் தடவியதுபோல மினுங்கின. இரண்டு பின்னேரம் நான் குனிந்திருந்து நரம்பு கீறிய வெற்றிலை மட்டும் மெழுகு பூசிய அன்று இருந்த கறுப்பிலேயே இருந்தது. ஒரு கையும் அதைத் தொட்டிருக்கவில்லை.

"நல்லாக் கழட்டுது சேர்," என்றார் காக்கா. "பின்னுக்குக் குசினிக்கும் இன்னொண்டு அடிச்சுத் தாங்களன். இலை கிலை ஒண்ணும் வேணா. புடி மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கட்டும்."

அதை மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பட்டை இரும்பு ஒரு துண்டை எடுத்து உலைக்குள் சொருகிவிட்டு, சில்லைச் சுற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். மூன்று சூட்டில் முடித்துவிட்டார். அளக்கவில்லை. பல் எவ்வளவு என்று நான்தான் பிறகு அளந்து பார்த்தேன்.

மூன்று மில்லிமீட்டர்.